நேர்வழிக்கு வந்தவரின் கோணல் வழிகளையும் எழுதுங்கள்

மியூனிக்–ஃப்ரைசிங் உயர்மறைமாவட்டத்தில் ஃப்ரிட்ஸ் கெர்லிக்கின் அருளாளர் பட்ட விசாரணைக்குப் பொறுப்பேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். புனிதர் வரலாறு கூறும் சிறு நூல்களைப் படித்து வளர்ந்தவன் நான். பின்னர் பல ஆண்டுகள் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவன். அந்தச் சிறு நூல்களில் புனிதர்கள் தொட்டிலில் கிடக்கும்போதே புனிதர்களாக இருப்பார்கள். நாஜிகளை எதிர்த்து எழுதிக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கெர்லிக்குக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் தரலாமா என்று ஆராய 2017 டிசம்பரில் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸ் தொடங்கிவைத்த இந்த விசாரணையின் முடிவில் எழுதப்படப்போகும் வாழ்க்கை வரலாறும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கெர்லிக் 1883இல் ஷ்டெட்டின் நகரில் கால்வினியப் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தார். மியூனிக்கில் வரலாறு படித்து, பவேரிய அரசு ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவர். பழைய ஏடுகளைப் புரட்டி, ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் தேடும் அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. ஆனால் அந்த ஆவணக்காரர் நடுநிலையாளராக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் தீவிர ஜெர்மன் தேசியவாதி. 1920இல் கம்யூனிசத்தை விவிலியம் சொல்லும் ஆயிரமாண்டு ராஜ்ஜியக் கனவாக விளக்கி நூல் எழுதினார். அதே ஆண்டில் தென் ஜெர்மனியின் செல்வாக்கு மிக்க நாளிதழ்களில் ஒன்றான ‘மியூன்ஷ்னர் நோயெஸ்டெ நாக்ரிக்டன்’ இதழின் தலைமை ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பவேரிய வலதுசாரிகளின் குரல் அந்த இதழில் ஓங்கி ஒலித்ததற்கு அவரே பொறுப்பு. 1923இல் ஹிட்லரை நேரில் சந்தித்துப் பேசியும் இருக்கிறார்.

அந்த ஆண்டு நவம்பர் 8, 9 தேதிகளில் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிதான் அவரைத் திருப்பியது. தம் பக்கத்து ஆள் என்று எண்ணியிருந்தவர் கொடுத்த வாக்கை மீறித் துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடிக்க முயன்றதை, அவர் துரோகம் என்றே கண்டித்தார். இந்தத் திருப்பத்தை இரண்டு வரியில் கடந்துவிடாதீர்கள் என்பது என் முதல் வேண்டுகோள். எதிர்முகாமில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஹிட்லரை எதிர்ப்பதில் பெரிய வியப்பில்லை. தாம் எழுதிய தலையங்கங்களும் சேர்ந்து உழுத நிலத்தில்தான் இந்தக் களை முளைத்தது என்று அறிந்த ஒருவர், அதைப் பிடுங்குவதற்காக உயிரையும் பணயம் வைத்தார் என்பதே பத்திரிகைக்காரனாகிய எனக்கு அவரிடம் பெரிதாகப் படுகிறது. பழைய கெர்லிக்கை மறைத்தால் புதிய கெர்லிக்கின் உயரம் யாருக்கும் தெரியாது.

1927இல் அவர் கொன்னர்ஸ்ராய்ட் சிற்றூருக்குப் போனது, இயேசுவின் ஐந்து காயத் தழும்புகளைத் தம் உடலில் பெற்றதாகப் பேசப்பட்ட தெரேஸ் நோய்மனின் ஏமாற்றை அம்பலப்படுத்தலாம் என்ற எண்ணத்தோடு. நம்பிக்கையோடு திரும்பி, 1929இல் இரண்டு தொகுதிகள் எழுதினார், 1931இல் கத்தோலிக்கரானார். இந்தப் பகுதியை விரித்து எழுத உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே நான் கடந்து செல்கிறேன்.

என் மனம் நிற்பது தெரேஸ் நோய்மனைச் சுற்றி அமைந்த வட்டத்திலிருந்து பிறந்த பத்திரிகையில். இளவரசர் எரிக் ஃபான் வால்ட்பூர்க்-ட்சைல் பணம் தர, ‘இல்லுஸ்ட்ரியெர்ட்டர் சொன்டாக்’ என்ற வார இதழை வாங்கி, 1932 தொடக்கத்தில் அதற்கு ‘டெர் கெராடெ வேக்’, அதாவது ‘நேர்வழி’, என்று பெயர் மாற்றினார் கெர்லிக். அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் ஹிட்லருக்கு ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அடுத்த வாரமே, கப்புச்சின் துறவி இங்பெர்ட் நாப், உங்களுக்கு வாக்களித்தவர்கள் யார் என்று ஹிட்லரை நேருக்கு நேர் கேட்கும் திறந்த மடலை அந்த இதழில் எழுதினார். (இந்த வடிவத்தை நான் எடுத்துக்கொண்டதற்கும் அதுவே காரணம், அவருடைய துணிவில் நூறில் ஒரு பங்குகூட எனக்குத் தேவைப்படவில்லை என்பதையும் அறிவேன்.) நாடாளுமன்றத் தேர்தல் நாளான ஜூலை 31 தேதியிட்ட இதழில், நாஜிசம் ஒரு கொள்ளைநோய் என்று கெர்லிக் எழுதினார். அண்டை நாடுகளோடு பகை, உள்நாட்டில் கொடுங்கோன்மை, உள்நாட்டுப் போர், நாடுகளுக்கிடையே போர், பொய், வெறுப்பு, சகோதரக் கொலை, எல்லையற்ற வறுமை என்று அதன் பொருளை அவர் அடுக்கினார். அன்றைய வாக்குப்பதிவில் 37 விழுக்காட்டினர் அந்தக் கட்சியையே தேர்ந்தெடுத்தனர். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் நிறைவேறாமல் போனது ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் முன்னர் வந்த இன்னொரு கட்டுரையையும் விசாரணைக் கோப்பில் முழுமையாக வையுங்கள். ஹிட்லருக்கு மங்கோலிய இரத்தம் உண்டா என்று கேட்டு, நாஜிகள் தலைமேல் தூக்கிவைத்த இனவியல் அளவுகோல்களையே எடுத்து ஹிட்லரின் மூக்கை அளந்து, நாஜிகள் உயர்ந்ததாகக் கொண்டாடிய நோர்டிக் இனத்தவர் அவர் ஆகமாட்டார் என்று முடித்த கேலி அது. கறுப்பினப் பெண் ஒருவரை மணப்பெண்ணாக ஹிட்லரின் அருகில் நிறுத்திய ஒட்டுப்படம் முகப்பில் வந்தது. எதிரியின் ஆயுதத்தை எதிரியின் மேலேயே திருப்பிய சாமர்த்தியத்தை மெச்சத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சிரிப்பு ஆசியரையும் ஆப்பிரிக்கரையும் தாழ்ந்தவர்களாக எண்ணிய வாசகரை நம்பியே எழுந்தது என்பதை, மூக்கு அளக்கப்பட்ட கண்டங்களில் ஒன்றில் பிறந்தவன் என்ற முறையில் நான் கவனிக்காமல் இருக்க முடியாது. இதற்காக அவருக்குப் பட்டம் தரக் கூடாது என்று நான் வாதிடவில்லை. அந்த முகப்பு மறைக்கப்பட்டால்தான் வருந்துவேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்வதற்கே சற்றுத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் இது உங்கள் சொந்த வீட்டுக் கணக்கு. 1933 மார்ச் 9 அன்று, பவேரியாவில் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றிய அதே நாளில், நாஜிக் கட்சியின் அடியாள் படையான எஸ்.ஏ.வினர் இதழின் அலுவலகத்துக்குள் புகுந்து கெர்லிக்கை அடித்து இழுத்துச் சென்றனர். பத்தொன்பது நாள் கழித்து, மார்ச் 28 அன்று, ஜெர்மன் ஆயர்கள் நாஜி இயக்கத்துக்கு எதிராகத் தாங்கள் முன்பு விடுத்திருந்த பொதுத் தடைகளும் எச்சரிக்கைகளும் இனித் தேவையில்லை என்று அறிவித்தனர். ஜூலை 20 அன்று வத்திக்கானும் ஹிட்லர் அரசும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோதும் கெர்லிக் சிறையில்தான் இருந்தார். நாடு விட்டு வெளியேறிய நாப் 1935இல் ஷ்ட்ராஸ்பூர்க்கில் இறந்தார். கெர்லிக் சிறையில் கிடந்த மாதங்கள் ஏறத்தாழ பதினாறு.

1934 ஜூன் 30 அன்று நாஜிகள் தொடங்கிய படுகொலைகளில், அவரை டாஹௌ வதைமுகாமுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றனர். அவர் மனைவி சோஃபிக்கு இரத்தக் கறை படிந்த மூக்குக்கண்ணாடி வந்து சேர்ந்தது. கெர்லிக் ஒருகாலத்தில் ஆசிரியராக இருந்த அதே நாளிதழின் இசை விமர்சகர் வில்லி ஷ்மிட்டும் அந்தக் கொலைகளில் மாண்டார். அவரைக் கொன்றவர்கள் தேடியது அதே பெயருடைய வேறொருவரை.

உங்கள் எழுத்தர் கெர்லிக்கின் கைதைப் பற்றி எழுதும் பக்கத்தில், மார்ச் 9, மார்ச் 28 என்ற இரண்டு தேதிகளும் அடுத்தடுத்த வரிகளில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயர்களின் அறிவிப்பை அடிக்குறிப்பில் தள்ளிவிட வேண்டாம். ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதாத ஆவணக்காப்பாளர் ஒருவரின் வரலாறு அது.

பணிவுடன்,
பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ் வாசகன்