கமலாவுக்கு, கரண்ட் வைக்கும் முன்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. மார்புப் புற்றுநோய்க்குச் செய்த ஆபரேஷன் புண் ஆறிவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பேத்திக்குப் பல் முளைத்த சேதியை இவரிடமும் வாசித்துக் காட்டினேன்.

கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்று பயந்து எழுதியிருக்கிறாய். கரண்ட் என்று நாம் சொல்வது மின்சாரம் இல்லை, கதிர்வீச்சு சிகிச்சைதான். மெஷினைக் கண்டு பயப்படாதே. சுடாது, வலிக்காது. கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்து அசையாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். கை தூக்கும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. உனக்கு இடது பக்கம் என்பதால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லலாம். நெஞ்சு விரிந்தால் இதயம் கதிர் படும் இடத்தைவிட்டு விலகி நிற்கும்.

என் கவலையெல்லாம் அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றித்தான். முதல் வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. கதிர் பட்ட செல் உடனே சாவதில்லை. இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் சாகிறது. தோலின் அடியில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டு மூன்று வாரத்தில் தோல் சிவக்கிறது, நம் நிறத்துக்குக் கறுக்கிறது. உனக்குச் சொன்ன 15 முறையும் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அது கூடத்தான் செய்யும். எனக்கு மார்புக்கு அடியில், மடிப்பில், தோல் ஈரமாக உரிந்தது. ரவிக்கை ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது உயிர் போகும். மஞ்சள், எண்ணெய் என்று யார் எதைச் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் பூசாதே.

அசதியும் அப்படித்தான். தூங்கி எழுந்தாலும் தீராது. "அதான் எல்லாம் முடிஞ்சுதே" என்று வீட்டில் நினைப்பார்கள். உனக்கு ஆள் வேண்டியதே அப்போதுதான். மருமகளிடம் இப்போதே சொல்லி வை. சாயங்காலம் கொஞ்ச தூரம் நட. அசதிக்கு அது நல்லது.

பேத்தியைத் தொடக் கூடாது என்று சம்பந்தியம்மா சொன்னார்களாமே! வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் உடம்பில் தங்காது. தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சு. இதனால் தலைமுடியும் கொட்டாது.

சில மாதம் கழித்து வறட்டு இருமலோ மூச்சு வாங்கலோ வந்தால், சளிதானே என்று இருந்துவிடாதே. நுரையீரலில் கதிர் பட்ட அழற்சியாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. கை வீங்கினாலும் உடனே காட்டிவிடு.

கடைசி நாள் எது என்று தெரிந்ததும் எழுது. அதற்கு மறுநாள் நான் அங்கே வந்துவிடுகிறேன். சமையல் என் பொறுப்பு. தொளதொளவென்று இரண்டு பருத்தி ரவிக்கை தைத்து எடுத்து வருகிறேன். பழைய அளவு சரிதானா?

அன்புடன்,
சரோஜா