மறுகரைச் சாலைகள்: மிதிவண்டிச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் குடும்பத்துடன் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நாம் ஏற்றுக்கொண்ட வேலை ஒன்றுதான். இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் கார் நெரிசல் குறைந்த சாலைகளைத் தேடிப்பிடித்து, நேற்றுச் சேர்ந்தவர்கூட நம்பிப் போகும்படி வழித்தாள்களாக எழுதிவைப்பது. கூட்டங்கள், சீருடை, புது உறுப்பினர் சேர்க்கை பற்றிய விவரங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தைச் சாலைகளுக்கே தருகிறேன்.

வரைபடத்தை மேசையில் விரித்து உட்கார்ந்த முதல் மாலையிலேயே வேலையின் திசை தெளிவாகிவிட்டது. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகள் ஆதலால் அங்குள்ள ஏரிகள் பெரும்பாலும் நீளமாகவும் ஒடுக்கமாகவும் கிடக்கின்றன. நெடுஞ்சாலை ஏதாவது ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. எதிர்க்கரையில், பல ஏரிகளில், ஒரு கார் மட்டுமே போகக்கூடிய கிராமச் சாலை இருக்கிறது. தேர்ல்மியர் ஏரியின் கிழக்கே ஏ591 நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்கும்போது, மேற்கே மரநிழலில் சின்னச் சாலை ஒன்று தண்ணீரை ஒட்டியே வளைந்து போகிறது. கோனிஸ்டனில் பெரிய சாலைகள் மேற்குப் பக்கம். கிழக்குக் கரை நமக்கு. அல்ஸ்வாட்டரிலும் ஏ592 மேற்குக் கரையைத்தான் பிடித்திருக்கிறது. எனவே செயற்குழு எடுத்த முதல் முடிவு, ஒவ்வொரு ஏரிக்கும் மறுகரையிலிருந்தே தேடலைத் தொடங்குவது.

மறுகரை ஏன் அமைதியாக இருக்கிறது என்பதையும் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சாலைகள் எவரையும் எங்கும் விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. ஏறி இறங்கி, பண்ணை வாசல்களைச் சுற்றிக்கொண்டு போகின்றன. அவசரமாகப் போகிறவருக்கு அங்கே வேலையில்லை. ஆகவே அமைதிக்கு நாம் தரும் விலை ஏற்றம்தான். அதைத் தரத் தயாராக இல்லாதவருக்கு மறுகரையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இந்த ஆண்டு எழுதியவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அல்ஸ்வாட்டர் வழித்தாள். பூலி பிரிட்ஜில் தொடங்குகிறோம். அங்கிருந்த பழைய கற்பாலத்தை 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின் வெள்ளம் அடித்துச் சென்றது; 2020இல் திறக்கப்பட்ட எஃகுப் பாலம் இப்போது நிற்கிறது. பாலத்துக்குக் கிழக்கே ஊரைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் ஹவ்டவுன் வரை ஏரி நம் கூடவே வருகிறது. அதுவரை குழந்தைகளும் ஓட்டலாம். அதன்பின் சாலை சட்டென்று நிமிர்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மார்ட்டின்டேலுக்குள் இறங்கி, அங்கேயே முடிந்துபோகிறது. மேலே வழியில்லை. வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதால் செயற்குழுவில் சிலர் இதைச் சேர்க்கத் தயங்கினார்கள். நான் விடாமல் வாதாடினேன். முட்டுச்சாலைதான் அமைதிக்கு உறுதியான காவல், ஏனென்றால் கடந்து போகும் வாகனம் என்று ஒன்றே அங்கே கிடையாது. மலையேற வருபவர்களின் கார்கள் கோடையில் ஓரங்களை அடைத்துக்கொள்வது உண்மை. ஆனால் அவர்கள் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள். இடைப்பட்ட பொழுது நம்முடையது.

எனர்டேல் ஏரிக்கரையில் பொதுச் சாலையே இல்லை. அதனால் அதற்கு வழித்தாள் எழுதவில்லை.

தெற்கே, வின்டர்மியருக்கும் கெண்டலுக்கும் நடுவில் உள்ள வின்ஸ்டர், லித் பள்ளத்தாக்குகளைப் பலர் கவனிப்பதே இல்லை. உயர்ந்த மலைகளை நாடி வருபவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டாம்சன் பிளம் மரங்களுக்குப் பேர்போன இடம் அது. ஏப்ரலில் வெள்ளைப் பூக்கள் மண்டும்போது அந்தச் சந்துச்சாலைகளில் போய்வந்த உறுப்பினர்கள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆக்ஸன்ஹோம் ரயில் நிலையத்திலிருந்து ஓட்டியே போய்விடலாம் என்பதால் கார் இல்லாதவர்களுக்கும் ஏற்றது.

ஏற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த ஆண்டின் பெரிய வாக்குவாதம் அதில்தான் நடந்தது. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடத்தில் சாலைமேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் சரிவு 14 முதல் 20 சதவீதம். இரட்டை அம்புக்குறி என்றால் 20 சதவீதத்துக்கும் மேல். இந்த இரண்டு குறிகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஆபத்து விலகிவிடும். முன்னே 34 பல், பின்னே 34 பல் உள்ள கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். ஆளும் வண்டியுமாக 80 கிலோ இருந்தால், 7 சதவீத ஏற்றத்தில் அதற்கு ஏறத்தாழ 115 வாட் போதும். 20 சதவீதத்தில் அதே வேகத்துக்கு 320 வாட் வேண்டும். முதலாவதைப் பழகிய எவரும் பேசிக்கொண்டே செய்யலாம். இரண்டாவதை நம்மில் பெரும்பாலோரால் சில நிமிடங்கள்கூடத் தாங்க முடியாது. இன்னும் சிறிய கியர் வேண்டும், அல்லது இறங்கித் தள்ள வேண்டும். தள்ளுவதில் எந்த இழுக்கும் இல்லை என்று எல்லா வழித்தாள்களிலும் முதல் வரியாக எழுதியிருக்கிறோம்.

இந்தப் பின்னணியில்தான் ஹார்ட்நாட் கணவாயைச் சேர்ப்பதா என்ற கேள்வி வந்தது. சில இடங்களில் 33 சதவீதம் வரை நிமிரும் சாலை அது. பக்கத்திலுள்ள ரைநோஸ் கணவாயும் இளைத்ததல்ல. இளைய உறுப்பினர்கள் ஆசைப்பட்டார்கள், அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் கோடை நண்பகலில் ஹார்ட்நாட் அமைதிச் சாலை அல்ல. ஒற்றைவழியில் எதிரெதிரே வரும் கார்கள் வளைவில் சிக்கி நிற்கும். ஏறிக்கொண்டிருப்பவர் அந்த இடத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. இறங்குபவருக்கோ ஈரத்தில் பிரேக் பிடிக்க வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும். நம் தாள்களில் அதற்கு இடமில்லை என்று செயற்குழு முடிவு செய்தது. தனியே போக விரும்புவோர் விடியற்காலையில், காய்ந்த நாளில் போகட்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். கோடை விடுமுறைச் சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கும் அதே நாள் காலை ஆறரைக்கும் ஒரே சாலை இருவேறு சாலைகளாக இருக்கும். ஆகவே வழித்தாள்களில் தூரத்தோடு கிளம்ப வேண்டிய நேரத்தையும் போட்டிருக்கிறோம். தெளிந்த இரவுக்குப்பின் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால் விடியலில் ஏரியோரம் மூடுபனி கிடக்கும், மேலே வானம் தெளிந்திருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் பின்விளக்கு எரியாமல் கரைச் சாலையில் யாரும் இறங்க வேண்டாம்.

சாலையில் நமக்குரிய இடத்தை உறுப்பினர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 29 அன்று நடைமுறைக்கு வந்த நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் திருத்தப்படி, மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் மிதிவண்டியை முந்தும் வாகனம் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதற்கு மேலான வேகத்தில் இன்னும் அதிகம். ஆனால் அந்த ஒடுங்கிய சாலைகள் பலவற்றிலும் தேசிய வேக வரம்பான 60 மைல்தான் செல்லும் என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. இருபுறமும் கற்சுவர், நடுவில் ஒரு காருக்கு மட்டும் இடம், அங்கே 60 மைல்! பெரும்பாலான ஓட்டுநர்கள் அப்படி ஓட்டுவதில்லை. எனினும் குருட்டு வளைவுகளில் ஓரமாக ஒடுங்காமல், பின்னே வருபவர் கண்ணில் படும்படி சாலையின் நடுப்பகுதியில் ஓட்டுவதே பாதுகாப்பு. ஒதுங்கும் இடம் வந்ததும் நின்று வழிவிட்டு, கையசைத்து அனுப்புவோம். உள்ளூர்ப் பண்ணைக்காரர்களிடம் நம் சங்கத்துக்கு இருக்கும் நல்ல பெயர் அப்படி வந்ததுதான்.

வழிகாட்டும் செயலி ஒன்றை மட்டும் நம்பிச் சென்ற நம் குழு ஒன்று, தார்ச்சாலை திடீரென்று முடிந்து கற்கள் உருளும் குதிரைப்பாதையில் மாட்டிக்கொண்டது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப்பாதையில் மிதிவண்டியை அனுமதிக்கிறது. அதனால் செயலிக்கு அது வழிதான். 28 மில்லிமீட்டர் டயருக்கு அது வழியல்ல. இருவருக்கு டயர் கிழிந்தது. இனி நம் ஆட்கள் ஓட்டிப் பார்க்காத எந்தத் துண்டுச் சாலையும் தாளில் ஏறாது.

மற்றொரு விபத்து, ஆடுமாடு தாண்டாதிருக்கச் சாலையின் குறுக்கே பதித்துள்ள இரும்புக் கம்பிகளில் நிகழ்ந்தது. மழையில் கம்பிமேல் முன்சக்கரத்தைத் திருப்பிய அக்கா ஒருவர் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டார். இப்போது நலமாக இருக்கிறார், இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். கம்பிகளை நேராக, மிதிக்காமல், பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஆட்டுக்குட்டிகளிடமும் கவனம் வேண்டும். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நின்றால், குட்டி கண்டிப்பாகக் குறுக்கே ஓடும் என்றே எண்ணி வேகத்தைக் குறையுங்கள்.

குடும்பப் பயணங்களுக்கு கெஸ்விக்–த்ரெல்கெல்ட் பழைய ரயில்பாதை பெரிதும் உதவியது. டெஸ்மண்ட் புயல் இதன் பாலங்களையும் விட்டுவைக்கவில்லை. சீரமைத்து 2020 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். கார் இல்லை, ஏற்றம் மிகக் குறைவு. முதன்முதலாக வந்த பெற்றோர் பலர் அங்கிருந்துதான் மற்றச் சாலைகளுக்கு நகர்ந்தார்கள்.

வரும் ஆண்டுக்கு மேற்குப் பக்கம் எஞ்சியிருக்கிறது. காக்கர்மவுத்திலிருந்து லோஸ்வாட்டர் நோக்கிப் போகும் சிறு சாலைகளை வசந்தத்துக்குள் ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு துண்டையும் இருவர், ஒரு முறை வார நாளிலும் ஒரு முறை விடுமுறை நாளிலும், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. விருப்பமுள்ளோர் இன்று கலைவதற்குள் பெயர் கொடுக்கவும்.

இரண்டு தீர்மானங்களை அவைமுன் வைக்கிறேன். ஒன்று, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சங்கப் பயணங்கள் காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். இரண்டு, தேர்ல்மியர் மேற்குக் கரைச் சாலையில் வேக வரம்பைக் குறைக்கும்படி உள்ளாட்சி மன்றத்துக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத வேண்டும். தலைவர் அவர்கள் வாக்கெடுப்புக்கு விடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்