மாட்டுக் கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில், குடியோடு நல்ல சாப்பாடும் தரும் 'கேஸ்ட்ரோபப்' என்ற பெயர்ப்பலகையோடு உணவகங்கள் முளைப்பதைப் பற்றி வாசகர்கள் இருவர் உங்கள் பத்திரிகையில் மாறி மாறி எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு விலை பிடிக்கவில்லை. மற்றவருக்கு அலமாரியில் அடுக்கியிருக்கும் மதுப்புட்டிகள் பிடிக்கவில்லை. எனக்கு வேறொரு குறை இருக்கிறது. இந்தக் கடைகளில் பரிமாறுகிறவரிடம் "இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நேரான பதில் கிடைப்பதில்லை. இவர்கள் எந்த ஊர்க் கடையைப் பார்த்து மர உத்தரமும் மங்கிய விளக்கும் வைத்தார்களோ, அந்தப் பிரிட்டனில் கிடைக்கிறது.

எங்கள் மகன் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வேலை பார்க்கிறான். போன வருடம் அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை ஃபைஃப் கடற்கரையில் உள்ள மீனவக் கிராமம் ஒன்றுக்குக் காரில் அழைத்துப் போனான். வழியில் ஃபோர்த் கழிமுகத்தின் மேல் 1890இல் திறக்கப்பட்ட செந்நிற ரயில் பாலம் தெரிந்தது. பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் கணவர் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாப்பாடு 'பப்' என்னும் மதுக்கடை ஒன்றில் என்று தெரிந்ததும்தான் அவர் முகம் மாறியது. அவரைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் பிள்ளைகளை நிறுத்தி, "அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வா" என்று அனுப்பிய தாய்மார்களுக்குப் பிறந்தவர்கள் நாங்கள். குடிக்கிற இடத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதா என்று அவர் தயங்கியதில் நியாயம் உண்டு.

உள்ளே போனதும் அவர் தயக்கம் பாதி போய்விட்டது. கூரை தாழ்ந்த சின்னக் கூடம். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. சுவர் ஆணிகளில் மழையில் நனைந்த கோட்டுகள் தொங்கின. பக்கத்து மேசையில் பேத்தியோடு வந்திருந்த ஒரு பாட்டி. அவர் காலடியில் ஒரு நாய். சாப்பாட்டுப் பட்டியல் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. தீர்ந்துபோன பண்டத்தை அவ்வப்போது வந்து அழித்துவிட்டுப் போனார்கள். கேஸ்ட்ரோபப் என்ற பெயரே பழையதல்ல. 1991இல் லண்டனின் கிளார்க்கன்வெல் பகுதியில் 'தி ஈகிள்' என்ற மதுக்கடையை இருவர் எடுத்து நடத்தி, குடியோடு நல்ல சமையலையும் முன்னுக்கு வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பெயர் பரவியது. இந்தக் கிராமத்துக் கடையிலும் முக்கால்வாசிப் பேர் சாப்பிடத்தான் வந்திருந்தார்கள்.

முதலில் கல்லன் ஸ்கிங்க் என்ற சூப் வந்தது. புகையில் பதப்படுத்திய ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். வடகிழக்குக் கடற்கரையில் உள்ள கல்லன் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய சூப். பாலில் மீனைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் என் கணவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மீனும் பாலும் சேர்ந்தால் உடம்பில் வெண்புள்ளி விழும் என்று என் மாமியார் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. மருத்துவமனையில் தாதியாக இருந்தவள் நான். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறேன். அவர் கிண்ணத்தையும் நானே குடித்தேன். நம் ஊர்ப் புகைக்கருவாட்டின் வாசமும் தேங்காய்ப்பாலின் வழவழப்பும் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது.

அடுத்தது ஹாகிஸ். ஆட்டின் இருதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் பொடியாக அரிந்து ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து வேகவைப்பது. பழைய முறையில் ஆட்டின் இரைப்பைக்குள் அடைப்பார்கள். இப்போது பெரும்பாலும் செயற்கை உறைதான். கூடவே மசித்த உருளைக்கிழங்கும் மஞ்சள் நிறக் கிழங்கு மசியலும். ராபர்ட் பர்ன்ஸ் என்ற அவர்களுடைய கவிஞர் இந்தப் பண்டத்தை விளித்தே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அவர் பிறந்த ஜனவரி 25 அன்று அதை வாசித்துவிட்டுத்தான் ஹாகிஸை வெட்டுவார்களாம். ஈரலும் நுரையீரலும் நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் 'கொழுப்பு' எனக்கு உறுத்தியது. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது.

பரிமாறிய பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். "இதில் இருப்பது ஆட்டுக் கொழுப்பா, மாட்டுக் கொழுப்பா?" என்று கேட்டேன். "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, கேட்டு வருகிறேன்" என்றான். தெரியவில்லை என்று அவன் சொன்னதே எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் சமையல்காரரே வந்தார். கையில் ஹாகிஸ் வந்த உறை. நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மாவு ஒட்டிய கட்டைவிரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, உறையை என் பக்கம் திருப்பினார். மாட்டுக் கொழுப்பு. பிறகு நான் கேட்காததையும் அவராகவே சொன்னார்: உருளைக்கிழங்கு வறுவல் தாவர எண்ணெயில் பொரித்தது, ஆனால் வேறு கடைகளில் மீனையும் கிழங்கையும் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் உண்டு, அங்கே போனால் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. எங்களுக்குப் பயறும் காய்கறியும் ஓட்ஸும் சேர்த்த சைவ ஹாகிஸ் வந்தது. 1984இல் எடின்பரோவில் ஸ்காட்டிஷ் கவிதை நூலகத் திறப்பு விழாவுக்காக ஹாகிஸ் தயாரிக்கும் மேக்ஸ்வீன் நிறுவனத்தார் செய்தது தொடக்கமாம். இப்போது பல கடைகளில் கிடைக்கிறது. மிளகு தூக்கலாக, நன்றாகவே இருந்தது. பில்லை மகன் கட்டினான். நான் அதை மலேசிய வெள்ளிக் கணக்கில் மாற்றிப் பார்க்கவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களை அப்படி நடக்க வைப்பது சட்டம். 2014 டிசம்பரிலிருந்து அங்கே எந்த உணவகமும் ஒவ்வாமை உண்டாக்கும் 14 பொருள்கள் எந்தெந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்று சொல்லியாக வேண்டும். இறால், முட்டை, பால், வேர்க்கடலை, எள் எல்லாம் பட்டியலில் உண்டு. கடுகும் உண்டு, நம் தாளிப்பு மொத்தமும் அங்கே எச்சரிக்கைக்கு உரியது! மாட்டுக் கொழுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் இறாலுக்காகவும் கடலைக்காகவும் ஒரு சமையலறை கணக்கு வைத்துப் பழகிவிட்டால், மாட்டைப் பற்றி ஒருத்தி கேட்கும்போது யாருக்கும் எரிச்சல் வருவதில்லை.

நம் மலேசியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் பண்டத்தில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து எடுத்த பொருளோ கலந்திருந்தால் உறையில் அப்படியே அச்சிட வேண்டும். பேரங்காடியில் ஒரு சூப் பொட்டலத்தை எடுத்தால் எனக்கு விவரம் கிடைக்கிறது. அதே பொட்டலத்தை ஓர் உணவகத்தின் சமையலறையில் பிரித்துக் கொட்டி, கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தால் விவரம் குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகிறது. இங்கே ஒரு புதுக் கடையில் காளான் சூப்பில் மாட்டுச் சாறு சேர்க்கிறீர்களா என்று கேட்டேன். "இல்லை ஆன்டி" என்று உடனே பதில் வந்தது. எனக்குச் சந்தேகம் தீரவில்லை, மறுபடியும் கேட்டேன். "கொஞ்சம்தான் ஆன்டி" என்றாள் அந்தப் பெண். எழுந்து வந்துவிட்டோம்.

மாட்டிறைச்சி எங்கள் நம்பிக்கை சார்ந்தது. ஒவ்வாமை உயிர் சார்ந்தது. அவசரப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், உதடு வீங்கி மூச்சுத் திணறி வருகிறவரிடம் முதலில் கேட்பது "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதுதான். "கீரைதான் சிஸ்டர், வேறொன்றும் இல்லை" என்பார்கள். அந்தக் கங்கோங் கீரையைப் பெலாச்சான் போட்டு வதக்கியிருப்பார்கள். பெலாச்சான் என்றால் இறால்தான் என்பது சமைத்தவருக்குத் தெரியும். சாப்பிட்டவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விரதக்காரர்களும் இதே பெலாச்சான் கலந்த சம்பல் என்னும் மிளகாய் அரைப்பைச் சைவம் என்று நம்பிச் சாப்பிடுகிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பயிற்சித் தாதியாக இருந்தபோது நாங்கள் போகும், சோற்றின் மேல் பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் பரிமாறுவார். நாலு குழம்பைக் கலந்து ஊற்றினால்தான் நாசி கண்டாருக்கு ருசி. எந்த அகப்பை எந்தப் பானைக்குள் போய்வந்தது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்ததும் அவர் கை ஒரு பானையைத் தாண்டிப் போகும். "அது மாட்டுக் குழம்பும்மா, உனக்கு வேண்டாம்" என்பார். கோழிக் குழம்புக்கு வேறு அகப்பையை எடுப்பார். யாரும் அவருக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. இன்று அதே தெருக்களில் பரிமாறுகிறவர்களில் பலர் வேறு நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள். நம் மொழியும் விரதமும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதலாளிகள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெரிய செலவு ஒன்றுமில்லை. சமையலறைக்கு வரும் பொட்டலங்களின் உறைகளை வெட்டி ஒரு கோப்பில் ஒட்டிக் கல்லாவில் வைத்தால் போதும். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவைக் கையாளுகிறவர்கள் எல்லாரும் டைஃபாய்டு தடுப்பூசி போட்டுக்கொண்டு பயிற்சி வகுப்புக்கும் போக வேண்டும். அந்த வகுப்பில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கி, "தெரியவில்லை, கேட்டு வருகிறேன்" என்று சொல்லப் பழக்கினாலே பாதி வேலை முடிந்தது. சுகாதார அமைச்சில் இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் யோசித்துப் பார்க்கட்டும். பாடம் நடத்த ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், தேநீர் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு