பயிற்சித் துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நீங்கள் போடும் பயிற்சி அட்டவணையில் மேடைப் பேச்சு, உடல்மொழி, தலைமைப் பண்பு எல்லாம் இருக்கின்றன. விடியற்காலையில் எழும் பழக்கத்துக்குக்கூட ஒரு வகுப்பு உண்டு. (நள்ளிரவில் உட்கார்ந்து அருமையாக வேலை செய்கிறவர்கள் பாவம், என்ன செய்வார்கள்!) எதையும் வீண் என்று சொல்ல வரவில்லை. ஆனால் "அவரிடம் கொடுத்தால் கவலை இல்லை" என்ற பெயர் இவற்றால் கிடைப்பதில்லை. அந்தப் பெயரைத் தரும் இரண்டு பழக்கங்களை நீங்கள் சொல்லித் தருவதே இல்லை.

ஒன்று, வேலையை வாங்கும்போதே திருப்பிச் சொல்லிப் பார்ப்பது. "அந்த அறிக்கையை வியாழனுக்குள் முடிச்சிடுங்க" என்கிறார் மேலாளர். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எந்த அறிக்கை? வியாழன் காலையா, மாலையா? ஒருவர் மட்டும், "சரி, வியாழன் மதியத்துக்குள் வரைவு உங்களுக்கு வரும். நீங்கள் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளருக்குப் போகும், அப்படித்தானே?" என்று கேட்கிறார். அரை நிமிட வேலை. மந்தமானவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் மற்றவர்கள் கேட்பதில்லை. விமானிகளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. கட்டுப்பாட்டு அறை தரும் அனுமதியைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். 1977இல் ஸ்பெயினின் தெனெரீஃப் தீவில், ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததற்குத் தெளிவில்லாத வானொலிப் பேச்சும் ஒரு காரணம். அதன்பின் வாசகங்களையே இறுக்கினார்கள். 'டேக்ஆஃப்' என்ற சொல்லை, விமானம் மேலெழும்புவதற்கான அனுமதியைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றானது.

இரண்டாவது, கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்வது. வியாழன் முடியாது என்பது செவ்வாயன்றே தெரிந்துவிடும். அன்றைக்கே சொன்னால் ஆள் சேர்க்கலாம், வேலையைக் குறைக்கலாம், தேதியை மாற்றிக் கேட்கலாம். வியாழன் மாலை சொன்னால் மன்னிப்புதான் கேட்கலாம்.

இதில் புதியவர்களை மட்டும் திருத்தினால் போதாது. 1978இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே ஒரு விமானம், சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் சொல்லாமல் இல்லை. அழுத்திச் சொல்லவில்லை, கேப்டனின் கவனமோ சக்கரத்தில் இருந்தது. இத்தகைய விபத்துகளை அலசி 1979இல் நாசா ஒரு பட்டறை நடத்தியது. அதிலிருந்து வளர்ந்த பயிற்சியில் இளையவர்களுக்கு உரக்கச் சொல்லவும் கேப்டன்களுக்குக் காது கொடுக்கவும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறார்கள்.

நம் அலுவலகங்களில் நடப்பது என்ன? செவ்வாயன்றே சொன்னவரைப் பார்த்து, "இப்பவே முடியாதுங்கிறீங்களா?" என்று முகம் சுளிக்கிறோம். வாயை மூடிக்கொண்டிருந்து வியாழன் இரவெல்லாம் கண் விழித்தவருக்குக் கைதட்டுகிறோம். அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்?

ஆகவே இரண்டு கோரிக்கைகள். உடல்மொழி வகுப்பில் ஒரு நாளைக் குறைத்து, இந்த இரண்டையும் பழக்குங்கள். மேலாளர்களையும் அதே அறையில் உட்கார வையுங்கள். அப்புறம், ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஊழியருக்கு "சிக்கலை எப்போது சொன்னார்?" என்றும், மேலாளருக்கு "சொன்னவருக்கு என்ன பதில் கொடுத்தார்?" என்றும் ஒரு கேள்வி வீதம் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதிலை மேலாளரிடம் வாங்காமல், அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்புகளில் பலமுறை உட்கார்ந்த ஓர் ஊழியர்