பிடி அரிசி தந்த வீடுகளுக்கும் கஞ்சி காய்ச்சிய கைகளுக்கும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கும், எங்கள் சபையைச் சேராமலே எங்களோடு நின்ற அக்கம்பக்கத்தாருக்கும்,

ஸ்தோத்திரமும் வணக்கமும்.

2025 மார்ச் 5, சாம்பல் புதன் தொடங்கி ஏப்ரல் 19 வரை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வெளியே காலைக் கஞ்சி ஒரு நாளும் நிற்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் கணக்குக்கு 40. ஞாயிறுகளை நோன்பில் சேர்ப்பதில்லை. ஆனால் நோயாளிக்குத் துணையாக வராந்தாவில் படுத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும். ஆகவே கஞ்சி 46 நாள். அதற்கு அரிசி கொடுத்தவை ஏறக்குறைய 90 வீடுகள். இந்த மடல் முதலில் அந்த வீட்டு அடுப்படிகளுக்கு.

பிடி அரிசி நம் சபைகளுக்குப் புதிதல்ல. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கி இன்றுவரை வேளாவேளைக்கு ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள். நம் பாட்டிமார் காலத்து வீடுகளிலும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு கலயம் இருந்தது. முறை ஒன்றுதான்: உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடவேண்டும். மூட்டையிலிருந்து தனியாக அள்ளிப் போட்டால் அது தர்மம். அன்றைய சோற்றிலிருந்து எடுத்தால்தான் அது காணிக்கை. வேதாகமத்தில், பஞ்ச காலத்தில் சாறிபாத்து ஊர் விதவையிடம் எலியா தீர்க்கதரிசி கேட்டதும் இதைத்தான். இருந்த மாவு ஒரு பிடி. அதில் முதல் அடை அவனுக்கு, பிறகுதான் அவளுக்கும் மகனுக்கும். மீந்தால் தருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வரிசை மாறாமல் செய்ததுதான் அவளுடைய விசுவாசம்.

பெரியவர் கைக்கு ஒரு பிடி 40 கிராம் வரும். இரண்டு வேளைக்கு 80. 90 வீட்டுக்கு நாளொன்றுக்கு 7 கிலோவுக்குச் சற்று மேல். ஆளுக்கு 60 கிராம் அரிசி என்றால் 120 பேருக்கு அரை லிட்டர் கஞ்சி. வீடு வீடாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத அளவு இது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் வீட்டில் அப்படியல்ல; அங்கே ஒரு பிடி என்றால் யாரோ ஒருவர் தட்டில் நாலு கவளம் குறையும். செல்லூர்ப் பக்கத்திலிருந்தும் வைகைக் கரையிலிருந்தும் அப்படிப்பட்ட வீடுகளின் டப்பாக்கள் வாரம் தவறாமல் வந்தன. தவறாமல் என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஒரே நாளில் ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை அரிசி, கொடுக்கப் பணம் போதும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, 46 நாளும், கையை நீட்டி எடுப்பதற்குக் கீழ்ப்படிதல் வேண்டும். மூன்றாவது வாரத்தில் கை தானாக மறக்கும். இதை எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதற்காகவே டப்பாவை அரிசிப் பானைக்கு மேலே, எடுத்து நகர்த்தாமல் பானையைத் திறக்க முடியாதபடி வைக்கச் சொன்னோம். அப்படி வைத்த அக்காமாருக்கு நன்றி.

எந்த வீடு எவ்வளவு தந்தது என்று நோட்டில் எழுதவில்லை. சபையில் வாசிக்கவும் இல்லை. எல்லா டப்பாவும் ஒரே சாக்கில் கவிழ்க்கப்பட்டன. பெயர்ப் பட்டியல் வாசித்தால் காணிக்கை கூடும் என்பது உண்மை. அதே பட்டியல், கொடுக்க ஏதுமில்லாத ஏழைகளை ஆராதனைக்கே வராமல் செய்துவிடும் என்பதும் உண்மை. அந்தச் சாக்கு அப்படியே தொடரட்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இனி, புடைத்தவர்களுக்கு. 90 வீட்டு அரிசி ஒரு சாக்கில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாருக்குத்தான் தெரியும். ரேஷன் புழுங்கல், பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாம் கலந்து வரும். பச்சரிசி கரைந்து கூழாகும் நேரத்தில் ரேஷன் அரிசி விதை விதையாக நிற்கும். பச்சரிசிக்கு மட்டும் தனிப் பை என்று இரண்டாம் வாரத்திலிருந்து அவர்கள் பிரிக்க வைத்தார்கள். மீதியை மில்லில் கொடுத்து ஒன்றிரண்டாக உடைத்துக் குருணையாக்கினோம். குருணையானால் ரக வித்தியாசம் பாதி மறைந்துவிடும். கூலி வாங்காமல் உடைத்துத் தந்த மில்காரருக்கு நன்றி.

அடுத்தது வண்டு. ஈரக்கையால் அள்ளிய ஒரு பிடி போதும், டப்பா முழுவதும் கெடும். முட்டை பெரும்பாலும் வீட்டு அரிசியிலேயே இருக்கும்; பங்குனி வெக்கையில் சீக்கிரம் பொரிக்கும். அந்துப்பூச்சி விழுந்தால் அரிசி நூல் கட்டி உருண்டை உருண்டையாக வரும். அதைப் புடைத்துச் சரிசெய்ய முடியாது, கோழிக்குத்தான். வண்டு மட்டும் என்றால் சல்லடையில் சலித்து, நிழலில் துணி விரித்துப் பரப்பினால் தானே ஓடும். உச்சி வெயிலில் கொட்டக்கூடாது. சூட்டில் அரிசி விரிசல் விட்டுக் கழுவும்போதே நொறுங்கும். நிழலில் காய்ந்த வேப்பிலையும் நாலு வற்றல் மிளகாயும் சாக்குக்குள் போட்டதோடு, ஒரு வாரத்துக்கு மேல் எந்த அரிசியையும் வைக்கக்கூடாது என்று அவர்கள் வைத்த கட்டுப்பாடுதான் கடைசிவரை காப்பாற்றியது. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்தில் தேவன் அன்றாடம் தந்த உணவான மன்னாவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்குப் புழு வைத்தது. நம்பாமல் சேர்த்து வைப்பதும் புழுப் பிடிப்பதும் அங்கே ஒரே வசனத்தில் வருகின்றன. கையிருப்பு ஏழே நாளுக்கு இருக்கும்போது எட்டாம் நாளைப் பற்றிப் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தோடே சாக்கைக் காலியாக்குவதுதான் அன்றன்றைய அப்பத்துக்கான ஜெபம் நம்மிடம் கேட்கிற காரியம்.

இன்னொன்று. ரேஷன் அரிசியில் சில மணிகள் நிறம் மாறி, மழமழவென்று இருப்பதைப் பார்த்துப் பிளாஸ்டிக் அரிசி என்று சிலர் பொறுக்கி எறிந்தார்கள். அது இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணி. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலந்திருந்தார்கள். எறியவேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்ன நர்ஸ் அக்காவுக்கு நன்றி.

கஞ்சி காய்ச்சக் கற்றுத்தந்தவர் நெல்பேட்டைப் பக்கத்துப் பண்டாரி (சமையல்காரர்) பாய். இந்த ஆண்டு ரமலானும் லெந்தும் மார்ச் மாதம் பெரும்பாலும் சேர்ந்தே வந்தன. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலில் மதியத்துக்கு மேல்தான் அடுப்பு மூட்டுவார்கள்; நமக்கு விடியற்காலை நாலரைக்கு. ஆகவே அவர்களுடைய 100 லிட்டர் அண்டாவும் இரண்டு துடுப்பும் இரவே நம்மிடம் வந்துவிடும். காலை 10 மணிக்குள் புளி போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பெருநாள் முடிந்த பிறகும் அண்டாவைத் திரும்பக் கேட்கவில்லை. பாய் நோன்பு வைத்த உடம்போடு, விடியலுக்கு முந்தின ஸஹர் சாப்பாடு முடித்து வந்து நின்று சொல்லிக் கொடுத்தார். பாய்க்கும் பள்ளிவாசல் பெரியவர்களுக்கும் எங்கள் சபை கடன்பட்டிருக்கிறது.

அவர் சொன்ன பக்குவத்தை அடுத்த ஆண்டு செய்பவர்களுக்காக எழுதி வைக்கிறோம். குருணை 7 கிலோ, பாசிப்பருப்பு ஒன்றரைக் கிலோ, தண்ணீர் 70 லிட்டர். அண்டாவில் முக்காலுக்கு மேல் நிரப்பக்கூடாது. பொங்கி அடுப்பை அணைத்துவிடும். பருப்பை வாசம் வரும்வரை வெறுமனே வறுக்கவேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் பருப்பு, வெந்தயம் 100 கிராம், உரித்த பூண்டு அரைக் கிலோ. கால் மணி கழித்து, அரை மணி ஊறவைத்து வடித்த குருணை. பச்சரிசிப் பை கடைசி இருபது நிமிடத்தில். சின்ன வெங்காயம் ஒரு கிலோவும் சீரகமும் தாளித்து மேலே. உப்பு 400 கிராம், இறக்கும்போது. அதற்கு முன்பே இரண்டு வாளிக் கஞ்சியை உப்பில்லாமல் எடுத்து வைக்கவேண்டும், துணைக்கு வந்தவர்களிலும் ரத்தக் கொதிப்புக்காரர்கள் உண்டு. நோன்புக் கஞ்சியில் தேங்காய்ப்பால் ருசி. நம் கஞ்சி வெயிலில் ரோட்டோரம் நிற்பதால் தேங்காயே வேண்டாம் என்றார், சீக்கிரம் புளித்துவிடும். துவையலும் அப்படித்தான், பருப்புத் துவையல் போதும்.

அடிப்பிடிப்பது பெரும்பாலும் பருப்பால். அது அடியில் தங்கும், குருணை அதன்மேல் படியும். குருணை போட்ட முதல் பதினைந்து நிமிடம் துடுப்பு நிற்கக்கூடாது. மேலாகக் கலக்குவது கலக்குவதாகாது, அடி சுரண்டும்படி இழுக்கவேண்டும். அப்படியும் பிடித்துவிட்டால் துடுப்பை வெளியே எடுத்துவிட்டு, மேல் கஞ்சியை வேறு பாத்திரத்துக்கு மொண்டு மாற்றவேண்டும். சுரண்டினால் முழு அண்டாவும் தீய்ந்த வாடை அடிக்கும். ஆறினால் கஞ்சி இறுகும், ஆகவே தளர்வாகவே இறக்கி, கூடவே பத்து லிட்டர் வெந்நீர் கொண்டுபோகவேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டு இளக்கவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்கவேண்டும். மிஞ்சினால் மதியத்துக்கு வைக்கக்கூடாது.

துடுப்புப் போட்டவர்களுக்குத் தோள்பட்டை வலி ஈஸ்டருக்குப் பிறகும் போகவில்லை. அந்த ஆறு ஞாயிறும் ஆராதனைக்கு முன்பாக அடுப்படி முறை எடுத்த வாலிபர் ஐக்கியத்துத் தம்பிமாருக்கும் சேர்த்துச் சொல்கிறோம். குமாரனே பாடுபட்டுத்தான் கீழ்ப்படிதலைக் கற்றார் என்கிறது எபிரெயருக்கு எழுதின நிருபம், 5ஆம் அதிகாரம். அப்படியென்றால் அது பிறவிக் குணமல்ல, உடம்பு நோகக் கற்கவேண்டிய வேலை. சலிப்பு வந்த நாளில் விசுவாசம் குறைந்துவிட்டதென்று யாரும் வருந்த வேண்டியதில்லை. சலிப்போடு வந்து துடுப்பைப் பிடித்த நாளும் கணக்கில் உண்டு.

மாதக் கடைசி வாரம் டப்பாக்களில் அரிசி குறையும். ரேஷன் தீர்ந்திருக்கும், சம்பளம் வந்திருக்காது. மார்ச் கடைசியில் அந்தக் குறையை நிரப்பியது பேரையூர்ப் பக்கத்துச் சபைகளிலிருந்து பஸ்ஸில் வந்த குதிரைவாலி. மானாவாரிக் காட்டில் விளைந்ததை விற்காமல் அனுப்பிய விவசாயக் குடும்பங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. சமைப்பவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும்: குதிரைவாலி அரிசியைவிடச் சீக்கிரம் வெந்து குழையும், ஆகவே கடைசியில் போடவேண்டும். மணி அளவிலேயே கல் இருக்கும். முறத்தில் புடைத்தால் போகாது, இரண்டு பாத்திரம் வைத்துத் தண்ணீரில் அரிக்கவேண்டும்.

கேஸ் 19 கிலோ சிலிண்டர், ஒன்று பன்னிரண்டு நாள் வரை வந்தது. நாலு குடும்பங்கள் ஆளுக்கொன்று வாங்கித் தந்தன. விடியற்காலையில் வாடகை வாங்காமல் அண்டாவை ஏற்றிய ஆட்டோக்கார அண்ணனுக்கும், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுக்கு நடையாய் நடந்த தம்பிக்கும் நன்றி.

பரிமாறியவர்களுக்கு மூன்று கட்டுப்பாடு இருந்தது. வரிசையைப் போட்டோ எடுக்கக்கூடாது. கஞ்சியோடு சுவிசேஷத் துண்டுப்பிரதி கொடுக்கக்கூடாது. யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கக்கூடாது. ஜெபிக்கச் சொல்லிக் கேட்டவர்களோடு ஓரமாக நின்று ஜெபித்தார்கள். கேட்காதவர்களுக்குத் தூக்குவாளியை நிரப்பி, மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருமுன் கட்டிலுக்குத் திரும்பவேண்டுமே என்று தவிப்பவரிடம் பேச்சு வளர்க்காமல் விட்டதும் ஊழியம்தான்.

பெரிய வெள்ளி, ஏப்ரல் 18 அன்று, நண்பகலில் தொடங்கும் மும்மணி நேர ஆராதனைக்குப் போகவேண்டியவர்கள் ஒன்பது மணிக்கே பாத்திரம் கழுவி முடித்திருந்தார்கள். மறுநாள் கடைசிக் கஞ்சி. சாக்கில் மிஞ்சியது மூன்று கிலோ குருணை. அதைப் பாயிடமே கொடுத்துவிட்டோம்.

டப்பாக்கள் ஆலய வராந்தாவில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெயர் எழுதாததால் எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது; உங்களுடையதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, பானைக்கு மேலே, இருந்த இடத்திலேயே வையுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள்,
பிடி அரிசிக் குழுவினர்
மதுரை, ஏப்ரல் 2025