துண்டு சுற்றியவன் எழுதும் நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் காலேஜ் கூடைப்பந்து ஆடுகிறவன். இங்கே காலேஜ் பிளேயர்கள் டீம் மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. கறுப்புப் பின்னணியில் தன் படம், கீழே நாலு வரி, கடவுளுக்கு நன்றி, அம்மா அப்பாவுக்கு நன்றி, கோச்சுகளுக்கு நன்றி, நிறைய யோசித்து போர்ட்டலில் (காலேஜ் மாற விரும்புகிறவர்களின் பட்டியல்) பெயர் கொடுக்கிறேன், முடிந்தது. நானும் ஏப்ரலில் அப்படி ஒன்று போட்டேன், ஆங்கிலத்தில், பக்கத்து ரூம் பையனுடையதைப் பார்த்து எழுதியது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்க வராது. அதனால்தான் இது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பெரியகுளத்தில் மூன்று நாலு கதை ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். என்னை யாரும் துரத்தவில்லை. படிப்பில் ஃபெயில் ஆகவில்லை. சண்டையும் இல்லை. ஓஹையோவில் ஒரு டிவிஷன் 1 (காலேஜ் விளையாட்டில் மேல் தட்டு) காலேஜில் இரண்டு சீசன் இருந்தேன். டீம் மொத்தம் 62 ஆட்டம் ஆடியது, நான் களம் இறங்கியது 17-ல், எல்லா நிமிடத்தையும் கூட்டினால் 58 வருகிறது. ஒரு ஆட்டமே 40 நிமிடம். இரண்டு வருஷத்தில் ஒன்றரை ஆட்டம்கூட ஆடவில்லை, அதுவும் இருபது முப்பது புள்ளி வித்தியாசத்தில் எல்லாம் முடிந்துபோய், ஜனங்கள் காரை எடுக்கக் கிளம்பிய பிறகு.

ஏன் என்று கேட்டால், முதல் வருஷம் எனக்கு 18 வயசு, என் இடத்தில் ஆடியவருக்கு 24. கொரோனா நேரத்து 2020-21 சீசனை, காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ யார் கணக்கிலும் சேர்க்கவில்லை, அப்போது ஆடிய எல்லோருக்கும் ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. அதனால் நான் போன நேரத்தில் காலேஜ் டீம்களில் தாடி வைத்த பெரிய ஆட்கள்தான் நிறைய. சரி, அவர் முடித்துப் போனதும் அடுத்தது நான்தான் என்று காத்திருந்தேன். அந்தக் கோடையில் கோச், போர்ட்டல் வழியாக வேறு காலேஜிலிருந்து ஒரு சென்டரை (ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள், என் இடமும் அதுதான்) கூட்டிவந்தார். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெயிக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

இப்போது நன்றிக்கு வருகிறேன். முதல் நன்றி, விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தவர்களுக்கு. ஓஹையோவில் குளிர்காலத்து இரவு ஏழு மணி என்றால் நம் ஊரில் மறுநாள் காலை 5:30. இந்த ஆட்டங்கள் இந்தியாவில் நேராகத் தெரியாது. அதனால் நியூஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகன் தன் லேப்டாப்பில் ஆட்டத்தைப் போட்டு, போனை அதற்கு நேராகப் பிடித்து வீடியோ கால் செய்வார். அந்தப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா, அம்மா, பள்ளிக்கூட பி.டி. சார், பால் ஊற்ற வந்த அண்ணன், இன்னும் யார் யாரோ. நாற்பது நிமிட ஆட்டம் நிறுத்தி நிறுத்தி இரண்டு மணி நேரம் ஓடும். அத்தனை நேரமும் அவர்கள் பார்த்தது, ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் என்னை. நம்மவர்கள் ஸ்கோர் செய்யும்போது பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து துண்டைச் சுற்றிக் கத்த வேண்டும், இங்கே அது ஒரு மரபு, அதை நான் நன்றாகவே செய்வேன். 6 அடி 9 அங்குல உயரத்துக்கு நான் துண்டைச் சுற்றினால் கேமராவும் என் பக்கம் திரும்பிவிடும். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் அம்மா கேட்டார்: "ஏன்டா, எப்பப் பார்த்தாலும் அந்தத் துண்டையே சுத்திக்கிட்டு இருக்க? பந்தைக் குடுக்க மாட்டாங்களா?"

அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலில் வலி என்றேன். ஒரு சீசன் முழுக்க அதையே சொன்னேன். உண்மையில் ஒரே ஒரு தடவை கணுக்கால் பிசகியது, அதையும் டீமின் அத்லெட்டிக் டிரெய்னர் இரண்டே வாரத்தில் சரி செய்துவிட்டார் (அவருக்கும் நன்றி, கட்டுப் போடும்போது என் காலைப் பார்த்து இது படகு என்று சிரிப்பார்). ஆனால் திண்ணையில் இருந்தவர்களுக்குக் கால் வலி ஆறு மாதம் நீடித்தது. அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டார். அப்பா தைலம் அனுப்பினார், கஸ்டம்ஸைத் தாண்டி அது எப்படி வந்து சேர்ந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

கண்டுபிடித்தது பி.டி. சார். இரண்டாவது வருஷம் ஜனவரியில் தனியாகக் கூப்பிட்டார். "கால் வலிக்கிறவன் இப்படிக் குதிச்சுக் குதிச்சுத் துண்டு சுத்த மாட்டான்டா. என்ன விஷயம், சொல்லு" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பெஞ்சில் உட்கார்ந்தது எனக்கு வருத்தமில்லை, நீ என்னிடம் மறைத்ததுதான் என்றார். இந்தச் சாரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: காலை ஐந்து மணிக்கு முதலில் வந்தவன் மைதானத்தைக் கூட்ட வேண்டும், கடைசியாக வந்தவன் ரிங்குக்குக் கீழே தண்ணீர் தெளிக்க வேண்டும், அப்புறம்தான் பந்து. 2015-ல் சத்னம் சிங்கை டல்லாஸ் டீம் 52-வது ஆளாக எடுத்தபோது, இந்தியாவில் பிறந்த ஒருவர் என்பிஏ (அமெரிக்காவின் பெரிய தொழில்முறை கூடைப்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது டீம்கள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், வந்தது அதுதான் முதல் தடவை, பேப்பரில் வந்த அந்தப் படத்தை வெட்டி ஸ்போர்ட்ஸ் ரூம் கதவில் ஒட்டியவர். எனக்கு அப்போது பத்து வயசு. வருஷா வருஷம் மே மாதம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு எங்களை இரவில் கூட்டிப்போய், பந்தைப் பார்க்காதே, பந்து இல்லாத நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்று பார் என்பார். பெஞ்சில் இருந்த இரண்டு வருஷமும் நான் செய்தது அதைத்தான், சார்.

அடுத்து, என்னை அடித்துத் துவைத்த அந்த போர்ட்டல் சென்டருக்கு நன்றி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்கவுட் டீம் என்று ஒன்று உண்டு. அடுத்த எதிரணி எப்படி ஆடுமோ அதே மாதிரி ஆடிக்காட்டுவது எங்களைப் போல ஆடாதவர்களின் வேலை. ஒரு வாரம் நான் இடது கைக்காரன், மறுவாரம் வெளியே நின்று மூன்று புள்ளி எறிகிறவன், அதற்கடுத்த வாரம் முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே வருகிற முரடன். நான் அப்படி நடிக்க, அவர் என்னை அடக்கிப் பழகுவார். நவம்பரில் என்னைத் தோளில் இடித்தால் சுவரில் போய் விழுவேன், பிப்ரவரியில் நின்ற இடத்தில் நின்றேன். ஒரு நாள் அவரே வந்து, உன்னால் எனக்கு ஆட்ட நாளைவிட பிராக்டிஸ்தான் கஷ்டம் என்றார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

டீம் மேனேஜராக இருந்த மாணவனையும் சொல்ல வேண்டும். மேனேஜர் என்றால் பெரிய பதவி என்று நினைக்காதீர்கள், தண்ணீர் பாட்டில், பந்து, துடைப்பம் எல்லாம் அவன் பொறுப்பு. இரவு பதினொரு மணிக்கு ஜிம்முக்கு வந்து நான் எறியும் ஒவ்வொரு பந்தையும் எடுத்து எடுத்துத் திருப்பிக் கொடுப்பான். ஏன்டா இதெல்லாம் செய்கிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். வீட்டில் ஹீட்டர் சரியில்லை என்றான்.

உதவி கோச் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அவர் வேலை அந்த மாதிரி. மற்ற எல்லோரும் "உழைத்துக்கொண்டே இரு, உன் நேரம் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மார்ச் கடைசியில் என்னை உட்காரவைத்து, அடுத்த வருஷமும் உனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை என்று நேராகச் சொன்னவர் அவர் மட்டும்தான். கோபம் வந்தது. டேவியன் மிட்செல் கதையை எடுத்துவிட்டேன், பெஞ்சில் இருக்கிற எல்லோருக்கும் அது மனப்பாடம்: ஆபர்ன் காலேஜில் முதல் வருஷம் பெரிதாக எதுவும் இல்லை, பேலர் காலேஜுக்கு மாறினார், மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்று அப்போது விதி, உட்கார்ந்தார், 2021-ல் இறுதி ஆட்டத்தில் கொன்சாகா காலேஜை 86-70 என்று வீழ்த்தி சாம்பியன், அப்புறம் என்பிஏ. நானும் பெரிய டிவிஷன் 1 காலேஜாகப் பார்த்துப் போகிறேன் என்றேன். அவர் கேட்டுவிட்டு, நீ டேவியன் மிட்செல் இல்லையே என்றார். அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து எட்டு காலேஜ் பெயர் எழுதினார். எல்லாம் டிவிஷன் 2. உனக்கு இப்போது தேவை காலேஜின் பெயர் இல்லை, நிமிடம் என்றார்.

போர்ட்டல் என்றால் என்ன என்று அப்பாவுக்கு விளக்கியதுதான் பெரிய வேலை. காலேஜ் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் இரண்டு வேலை நாளுக்குள் உன் பெயரை ஏற்ற வேண்டும், அதன் பிறகு எந்த கோச் வேண்டுமானாலும் உன்னிடம் பேசலாம், ஆனால் பெயர் ஏறிவிட்டால் பழைய காலேஜ் அந்த செமஸ்டரோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளலாம். 2025 வசந்தத்தில் டிவிஷன் 1 ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2000 பேருக்கு மேல் இப்படிப் பெயர் கொடுத்தோம். அப்பா மாம்பழக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம மண்டியில கூறு போட்டு வைக்கிற மாதிரிதான்" என்றார். ஆமாம் என்றேன். "விக்காத கூறு என்னாகும்னு தெரியும்ல? கூழ் ஃபாக்டரிக்குப் போகும்." கொஞ்சம் விட்டு, "சரி, பேரைக் குடு" என்றார். டிவிஷன் 1-லிருந்து 2-க்குப் போனால் மகன் இறங்கிவிட்டான் என்று ஊர் பேசும் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா, இதை உங்களிடம் நேரில் சொல்ல மாட்டேன், அதனால் இங்கே: நன்றி.

அந்த ஏப்ரல் மாதம் வெளிநாட்டு மாணவர்களுக்கு எப்படி இருந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். ஆயிரக்கணக்கானவர்களின் செவிஸ் பதிவு (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் பதிவு) திடீர் திடீரென்று ரத்தாகிக்கொண்டிருந்தது. போர்ட்டல் கதவு மூடுவதும் அதே ஏப்ரல் 22-ல். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவன் காலேஜ் மாறினால் பதிவையும் ஒரு காலேஜிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த வேண்டும், புது காலேஜிடமிருந்து ஐ-20 என்கிற சேர்க்கைப் படிவம் வாங்க வேண்டும். எங்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்து அம்மா ஒருவர் தினமும் காலையில் முதல் வேலையாக என் பதிவைத் திறந்து பார்த்து, இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை மெசேஜ் அனுப்புவார். அது அவர் வேலையில் இல்லை. பதிவை எந்தத் தேதியில் விடுவிப்பது என்று காலண்டரை வைத்துக்கொண்டு என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். இந்தக் கோடையில் நாட்டை விட்டு வெளியே போகாதே என்றும் அவர்தான் சொன்னார். அதனால் மே மாதப் போட்டிக்கு ஊருக்கு வர முடியவில்லை. யாரையும் பார்க்கப் பிடிக்காமல் வரவில்லை என்று பேச்சு அடிபட்டதாம். அது இல்லை.

பணம். டிவிஷன் 2-ல் ஆண்கள் கூடைப்பந்துக்கு ஒரு டீமுக்குப் பத்து ஸ்காலர்ஷிப், அதையும் பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். எனக்கு டியூஷன் போக மிச்சம், தங்கும் செலவும் சாப்பாடும், கையிலிருந்து. ஆட்டக்காரன் தன் பெயரை வைத்துச் சம்பாதிக்க 2021-லிருந்து அனுமதி இருக்கிறது, ஆனால் நம் விசாவில் அதைத் தொடவே பயம். சார் விஷயத்தைப் பழைய பிளேயர்கள் குழுவில் போட்டிருக்கிறார். ரயில்வேயில் இருப்பவர்கள், போலீஸில் இருப்பவர்கள், பேங்க்கில் இருப்பவர்கள், எல்லோரும் இந்தப் பந்தால் வேலை வாங்கியவர்கள், ஜிபேயில் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 10,000 அனுப்பியவர் இருக்கிறார், 501 அனுப்பியவர் இருக்கிறார். அந்த 501 ரூபாய்க்காரர் யார் என்று எனக்குத் தெரியும் அண்ணே, உங்கள் வீட்டு நிலைமையும் தெரியும். மண்டி முதலாளி அப்பாவுக்கு மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்தார். கணக்கு எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், திருப்பித் தருவேன், வேண்டாம் என்று சொன்னாலும்.

ஓஹையோ கோச்சுக்கும் நன்றி. விசாவுக்குக் கையெழுத்துப் போட்டு என்னை இந்த நாட்டுக்குள் கொண்டுவந்த டீம் அது. கிளம்பும் நாளில் கை கொடுத்து, உனக்கு நான் நேரம் கொடுத்திருக்கலாம் என்றார். கொடுத்திருக்கலாம்தான்.

இப்போது கான்சஸில் இருக்கிறேன். சுற்றிலும் கோதுமை வயல், சின்ன ஊர், டீம் பஸ்ஸில் எட்டு மணி நேரம் போய் ஆடிவிட்டு ராத்திரியே திரும்புகிறோம். செலவுக்காகக் காலேஜ் ஜிம்மில் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று கேட்டால் அம்மா சிரிப்பார்: துண்டு துவைத்து மடிப்பது.

முதல் ஆட்டம் போன வாரம். முதல் ஐவரில் என் பெயர். 27 நிமிடம் ஆடினேன், 9 புள்ளி, 11 ரீபவுண்டு, டீம் நாலு புள்ளியில் தோற்றது. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது எனக்கு ஐந்தாவது ஃபவுல், வெளியே அனுப்பிவிட்டார்கள். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அடுத்த நொடியில் எங்கள் பையன் ஒருவன் மூன்று புள்ளி போட்டான். பார்த்தால் என் கையில் துண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் வழக்கம்போல் நியூஜெர்சியிலிருந்து போனைப் பிடித்திருந்தார். கான்சஸ் நேரம் வேறு என்பதால் இனி இங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் திண்ணைக்குக் காலை 6:30, ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம். வருகிற சனிக்கிழமை மட்டும் மத்தியான ஆட்டம், நம் ஊரில் அப்போது விடியற்காலை மூன்று மணி. அதற்கு யாரும் எழுந்திருக்க வேண்டாம், சார், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.