கிளினிக் அறைக் கதவின் பிணைச்சலைத் திருத்தித் தருமாறு கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்கட்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

குளக்கட்டு வீதியிலுள்ள எங்கள் பொதுநோக்கு மண்டபத்தைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். காலபோக நெற்செய்கைக் கூட்டத்துக்கு அங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். அதன் பின்னறையில்தான் மாதாமாதம் கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக் நடக்கிறது. அந்த அறைக் கதவு பற்றி முன்பும் எழுதினோம், நடமாடும் சேவையிலும் மனுக் கொடுத்தோம். தீர்வு கிடைக்காதபடியால் மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. மேல் பிணைச்சல் கதவின் மரநிலையை விட்டுக் கழன்றுவிட்டது. துளைகள் தேய்ந்து பெருத்துப் போனதால் எவ்வளவு முடுக்கினாலும் திருகாணி சும்மா சுற்றுகிறது. கதவின் பாரம் மேல் பிணைச்சலைத்தான் வெளியே இழுக்கும். வன்னிச் சோளகக் காற்றில் அடிபட்டு அடிபட்டு மிச்சப் பிடியும் போயிற்று.

2. கதவு சரிந்து சீமெந்து நிலத்தில் முட்டுகிறது. கொண்டி பொருந்தாது.

3. குடும்பநல உத்தியோகத்தர் ஒரு தாயின் வயிற்றைப் பார்க்கும்போது இன்னொருவர் வெளியே நின்று கதவைத் தோளால் தாங்க வேண்டியிருக்கிறது. தாங்குபவரும் கர்ப்பிணிதான், ஐயா. முன் மண்டபத்தில் கமக்கார அமைப்பின் ஆட்கள் உர விஷயமாக வந்து நிற்பார்கள். இடைவெளியை மறைக்கச் சேலை ஒன்றைக் கட்டினோம். காற்று அதையும் தூக்குகிறது. முதல் பிள்ளையைச் சுமக்கும் ஒரு தங்கச்சி, இந்தக் கதவைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் படுக்கவே மாட்டேன் என்று, இரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஏ9 வீதிக்கு இறங்கி, பஸ் பிடித்து, மாங்குளம் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது எவ்வளவு பாடு என்று தங்களுக்கு நாங்களா சொல்ல வேண்டும்? தாய்மாருக்கு ஊரில் இருப்பது இந்த ஓர் அறைதான். அதற்கும் மூடுகிற கதவு இல்லை.

4. படம் எடுத்துப் போன உத்தியோகத்தர், புது நிலையும் கதவும் போட மதிப்பீடு தயாரிக்க வேண்டும், நிதி வரட்டும் என்றார். புதுக் கதவை யார் கேட்டது? நிலை நல்ல முதிரை மரம், கறையான் தொடவில்லை. தேய்ந்த துளையைச் சற்றுப் பெருப்பித்து, மரமுளையில் பசை தடவி இறுக அடித்து, ஒரு நாள் காயவிட்டு, முளையின் நடுவில் திருகாணியைவிட மெல்லிய துளை போட்டு, பழையதிலும் நீளமான திருகாணியை முடுக்கினால் பிடித்துவிடும். தீக்குச்சிகளைத் திணித்தும் பார்த்தோம். சின்ன அலுமாரிக் கதவென்றால் சரி, இந்தப் பாரத்துக்கு அது நிற்கவில்லை. எங்கள் ஊர்த் தச்சரான ஓடாவியார் கூலியே வேண்டாம் என்கிறார். அரசுச் சொத்தில் அனுமதியின்றிக் கைவைக்கக் கூடாது என்கிறது தங்கள் அலுவலகம். ஆளும் அனுப்பமாட்டீர்கள், எங்களையும் தொட விடமாட்டீர்கள் என்றால் நாங்கள் என்னதான் செய்வது?

5. மாரி தொடங்கினால் மரம் ஊதும். பிறகு இந்தக் கதவை அசைக்கவும் முடியாது.

தயவுசெய்து அடுத்த கிளினிக்குக்கு முன் ஓர் ஆளை அனுப்புங்கள். அது இயலாதென்றால் ஓடாவியார் திருத்தலாம் என்று ஒரு வரி எழுதி, கையொப்பமிட்டு, கிராம அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். பசையும் திருகாணியும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். ஒரு வரி போதும், ஐயா.

இப்படிக்கு,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்

பிரதி: கிராம அலுவலர்